ஒன்பது நிமிடப் பூட்டு

கொழும்பு வேலையை விட்டுவிட்டு மாத்தளைக்குத் திரும்பியபோது என்னிடம் மிச்சமிருந்தது வாய் மட்டும்தான். கடைகளுக்கு இணையத் தொடர்பு போட்டுத் தருவேன், அதுவும் எந்தக் கள்ளனும் எட்டிப் பார்க்க முடியாத மாதிரிப் போட்டுத் தருவேன் என்று கடைத்தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தேன். நம்பி வந்தவர் ஒரே ஒருவர். வெங்காயமும் காய்ந்த செத்தல் மிளகாயும் மொத்தமாக விற்கிற முஸ்லிம் முதலாளி. தம்புள்ளைச் சந்தையிலும் அவருக்கு ஒரு கடை இருந்தது. அதை அவருடைய மருமகன் பார்த்துக்கொண்டார்.

மருமகனுக்குத் தொண்டை பெரிது. எது எத்தனை மூட்டை இருக்கிறது, எது தீரப்போகிறது என்று தொலைபேசியில் அவர் சொல்லும்போது பக்கத்துக் கடைக்காரர்கள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். அரை மணி நேரத்தில் விலை ஏறிவிடும்.

"இதுக்கு ஒரு வழி செய் தங்கச்சி. நீ ஒழுங்கா செஞ்சா இந்தத் தெருவே உன்கிட்ட வரும். இல்லாட்டி நானே எல்லாருக்கும் சொல்லுவேன்," என்றார் முதலாளி. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். செய்யக்கூடியவர்தான்.

தம்புள்ளைச் சரக்குக் கணக்கைப் பூட்டி இணையம் வழியே மாத்தளைக் கடைத் திரைக்கு அனுப்ப, கடைக்கொரு சின்னப் பெட்டி வைத்தேன். இரண்டுக்கும் ஒரே ரகசியச் சொற்றொடர். மனிதர்கள் ஞாபகம் வைத்திருக்கிற சொற்றொடரை மனிதர்களே ஊகித்துவிடலாம் அல்லவா? அதனால் பெட்டி அதை அப்படியே பூட்டுக்குப் போடாது. ஒரே கணக்கில் திரும்பத் திரும்பப் போட்டுக் கடைந்து, யாரும் ஊகிக்க முடியாத நீண்ட சாவியாக்கும். சொற்றொடரும் சுற்றுகளின் எண்ணிக்கையும் ஒன்றாக இருந்தால் இரண்டு பக்கமும் அதே சாவி பிறக்கும். சுற்று கூடினால் கள்ளனுக்குத்தான் கஷ்டம், ஒவ்வொரு ஊகத்துக்கும் அவனும் அத்தனை சுற்றுப் போட வேண்டும்.

நான் சும்மா இருந்தேனா? ஊரில் யாரும் போடாத எண்ணிக்கையைப் போட்டேன். என் மடிக்கணினியில் சோதித்தபோது நாலைந்து மூச்சில் முடிந்தது. பிறகென்ன!

வாரம் முழுக்க எல்லாம் ஒழுங்காக ஓடியது, வெள்ளிக்கிழமை மட்டும் கழுத்தறுத்தது. ஜும்ஆ தொழுகை முடிந்ததும் கண்டியிலிருந்து வருகிற வியாபாரி முதலாளியோடு நேராகக் கடைக்கு வருவார். தம்புள்ளைச் சரக்கைத் திரையில் பார்த்துத்தான் அவர் எவ்வளவு எடுப்பது என்று முடிவு செய்வார். முதல் இரண்டு வெள்ளியும் திரையில் ஒன்றுமில்லை. அவரை முன்னால் வைத்துக்கொண்டு மருமகனைத் தொலைபேசியில் கத்தவிடவும் முடியாது. நான் இணைய இணைப்பைத் திட்டினேன், மழையைத் திட்டினேன்.

"அடுத்த வெள்ளியும் இப்படின்னா பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் போயிரு," என்றார் முதலாளி. இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

மூன்றாம் வெள்ளி முற்பகலிலேயே கடைக்குப் போய்விட்டேன். தொழுகைக்குப் புறப்பட்ட முதலாளி எல்லோரையும் வெளியே அனுப்பினார், கதவருகே கையை உயர்த்தினார், மெயின் சுவிட்சை டக்கென்று கீழே இழுத்தார். பெட்டியின் விளக்கும் சேர்ந்து அணைந்தது. எப்போதோ பின்தெருவில் பூட்டியிருந்த கடையொன்று மின்கசிவில் எரிந்ததாம். அன்றிலிருந்து மின்சாரத்தை நிறுத்தாமல் கடையைப் பூட்டமாட்டாராம். தினமும் காலையில் அவர் கடை திறந்து, சாம்பிராணி காட்டி, கணினிப் பக்கம் வருவதற்குள் பெட்டி தன் சுற்றுகளை முடித்துவிட்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை அந்த அவகாசம் இல்லை.

அவர் திரும்பி வந்து சுவிட்சைப் போட்டார். கூடவே கண்டிக்காரர். திரை வெறுமையாக இருந்தது.

"முதலாளி, தப்பு என்னோடதுங்க," என்றேன். "மழையும் இல்ல, லைனும் இல்ல. கள்ளனுக்குக் கஷ்டமா இருக்கட்டும்னு கெட்டித்தனமா சுற்றைக் கூடுதலா போட்டுட்டேன். இந்தச் சின்னப் பெட்டிக்கு அவ்வளவு பலம் இல்ல. கரண்ட் போய் வந்தா மறுபடி முதல்லருந்து சாவி செய்யுது."

"எவ்வளவு நேரம்?"

"இப்பதான் பார்க்கணுங்க," என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். முதலாளி கண்டிக்காரருக்கு இஞ்சி போட்ட பிளேன்டீ வரவழைத்து, குடும்பம், மருமகளின் பிரசவம், மழை என்று இழுத்தார். ஒன்பதாவது நிமிடம் தம்புள்ளைச் சரக்கு முழுவதும் திரையில் வந்து இறங்கியது. எனக்குக் கூவ வேண்டும்போல் இருந்தது, அடக்கிக்கொண்டேன். கண்டிக்காரர் வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போனார்.

"இன்னைக்கே எண்ணிக்கையைக் குறைச்சிடறேங்க," என்றேன்.

"கொறச்சா கள்ளனுக்கும் லேசா?"

"கொஞ்சம் லேசுதாங்க."

"அப்ப வேணாம்." இடுப்புப் பெல்ட்டில் தொங்கிய வளையத்தைக் கழற்றி, அதிலிருந்து ஒன்றைப் பிரித்து என் உள்ளங்கையில் வைத்தார். கடைச் சாவி. "வெள்ளிக்கிழமையில நாங்க வாறதுக்கு முந்தி நீ வந்து தொறந்து சுவிட்சப் போடு. வேற யாரையும் தொட விட்டுறாத."

அந்தச் சாவி மருமகனிடம்கூட இல்லை என்பது எனக்குத் தெரியும். அதை என் சாவிக்கொத்தில் கோத்துக்கொண்டேன்.

அடுத்த வெள்ளி ஒன்பது நிமிடம் முந்தினால் போதும். நான் அரை மணி நேரம் முந்தியே போய் நின்றேன்.