நீலம் கூடிய சுவர்

இன்று பக்கத்து வீட்டில் வெள்ளையடிக்கிறார்கள். ஈரச் சுண்ணாம்பு வாடை மூக்கில் ஏறியதும், எப்போதோ இடித்துவிட்ட எங்கள் மதுரை ஒற்றை அறை வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறேன்.

பொங்கலுக்குத் தெருவே சுவர்களைப் பளிச்சென்று வெளுக்க, அம்மா மட்டும் சுண்ணாம்பில் நீலத்தை அள்ளிக் கொட்டி, சுவரும் மச்சும் மங்கிப்போக அடித்துவைப்பாள். சாய்ந்தவர்கள் முதுகிலெல்லாம் நீலம் ஒட்டும். "எம்புட்டு நீலம்டி போட்ட?" என்று வருடா வருடம் சிரிக்கும் எதிர்வீட்டு அத்தையிடம், "கை தவறிருச்சு மதினி" என்பாள்.

மில்லில் ராத்திரி வேலை முடித்து, தலையெல்லாம் பஞ்சோடு வரும் அப்பாவுக்கு வெள்ளைச் சுவரில் கண் கூசும், தூக்கம் பிடிக்காது. நீலத்துக்குள் படுத்தவர், உச்சி வெயில் நேரத்தில் புரண்டு, "விடிஞ்சிருச்சா?" என்று முனகுவார்.

"இன்னும் இல்ல, படுங்க" என்பாள் அம்மா.