அம்மாவின் கீரைக் கடையலும் சின்னம்மாவின் பொரியும்

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிறது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவன் நான் ஒருவன்தான். ஆகவே இந்த நினைவு மலரில் அம்மாவைப் பற்றி நாலு வார்த்தை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. நல்லதை மட்டும் எழுதும்படி அப்பா சொன்னார். அம்மாவுக்குப் பொறாமை அதிகம் என்பதை விட்டுவிட்டு எழுதினால், இதைப் படிக்கும் உறவினர்கள் வேறு யாரையோ பற்றி எழுதியிருப்பதாக நினைத்துவிடுவார்கள்.

அம்மா பிறந்தது மத்தூருக்குப் பக்கத்தில். பதினைந்து வயது முடியுமுன்பே ராயக்கோட்டைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். கிணற்றடியில் நாலு பாத்தி தண்டுக்கீரை போட்டு, தலைச்சுமையாகச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்று, என்னைப் படிக்கவைத்தார். மீந்த கீரையைப் பூண்டும் மிளகாயும் போட்டு வேகவைத்து மத்தால் கடைவார். அந்தக் கடையலுக்காகவே எங்கள் வீட்டுக் களியைத் தேடி வந்தவர்கள் உண்டு. அந்தப் பெயரை அம்மா யாருக்கும் பங்கு வைக்கமாட்டார்.

மழை பொய்த்த வருடம், விவசாயம் சொல்லித்தர வந்த ஒரு வெள்ளைக்கார அம்மாளுக்குச் சித்தப்பா ஜீப் ஓட்டினார். அந்த அம்மாள் கொடுத்த விதையைச் சித்தப்பாவின் மனைவி, எங்கள் சின்னம்மா, பக்கத்துக் கொல்லையில் விதைத்தார். அதுவும் கீரைதான். ஆனால் ஆளுயரம் வளர்ந்து, தலையில் சிவப்பாகக் கொண்டை விட்டது. அதன் மணியைச் சூடான மண் ஓட்டில் போட்டால் வெள்ளையாகப் பொரிந்தது. வெல்லப்பாகில் உருட்டித் தெருப்பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்தார் சின்னம்மா. பிள்ளைகளோடு தாய்மாரும் வந்தார்கள்.

"மெக்சிகோவுல இப்படித்தான் பொரிச்சு வில்லை தட்டுவாங்களாம் அக்கா. ஆப்பிரிக்காவுல கீரையில வேர்க்கடலைய அரைச்சு ஊத்துவாங்களாம். சீனாவுல பூண்டு தட்டிப்போட்டு வதக்கறதாம். வடக்கே விரதத்துக்கு இந்த மாவுலதான் ரொட்டியாம்" என்றார் சின்னம்மா.

"உலகமெல்லாம் சுத்துன கீரைக்கு எங்க வூட்டு வேலியோரந்தான் எடம் கெடச்சுதா?" என்றார் அம்மா.

அன்று முதல் அம்மா தம் பாத்திகளில் கீரை பறிப்பதை நிறுத்திவிட்டார். எல்லாம் விதைக்கு முற்றட்டும் என்று விட்டார். வீட்டில் வெறும் புளிச்சாறுதான். ஏனென்று அப்பா கேட்டதற்கு, "நம்ம பொண்ணப் பாக்க ஊத்தங்கரைக்காரங்க வராங்க இல்ல, அன்னைக்கு நம்ம வூட்டுப் பொரி உருண்டைதான் தட்டுல இருக்கணும்" என்று பதில் வந்தது. என் அக்காவுக்கு அதற்குமுன் வந்த சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. இதுவும் போய்விடக்கூடாது என்ற கவலை எங்கள் எல்லோருக்கும் இருந்தது.

அந்த நாளும் வந்தது. அம்மா ஓட்டைக் காயவைத்து மணியைப் போட்டார். எங்கள் கீரையின் மணி கறுப்பு. அது பொரியவில்லை. புகைந்து, கருகி, வாயில் போட்டால் மணலாய் நறநறத்தது. கருகல் வாடை பட்டுச் சின்னம்மா வந்து நின்றார்.

"கறுப்பு மணி பொரியாது அக்கா. வெள்ளைதான் பொரியும்."

"தெரிஞ்சேதான் வாய மூடிகிட்டு இருந்தியா?"

"நீங்க எங்க கேட்டீங்க? நான் வேலியோரம் வந்தாலே மூஞ்சத் திருப்பிக்கினு போவீங்க. எங்கிட்ட பொரி இருக்குது, எடுத்தாரட்டா?"

"உன் பொரி எனக்கு வாணாம்." அம்மா ஓட்டை இறக்கி வைத்தார். வாசலில் மாட்டுவண்டிச் சத்தம் கேட்டது. "எளங்கீரை இருந்தா ஒரு மடி பறிச்சிக் குடு."

சின்னம்மா புதிதாக விதைத்திருந்த பாத்தியிலிருந்து பறித்துக் கொடுத்தார். அம்மா கடைந்தார். மாப்பிள்ளையின் தகப்பனார் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, எந்தத் தோட்டத்துக் கீரை என்று விசாரித்தார்.

"நம்ம வூட்டுத் தோட்டந்தாங்க" என்றார் அம்மா.

கதவுக்குப் பின்னால் சின்னம்மா என் காதருகே, "ஆமா, நம்ம வூடு. இன்னைக்கி மட்டும்" என்றார். சம்பந்தம் முடிவானது. செடி தன்னுடையது, பெயர் அக்காளுக்கா என்று சின்னம்மா வெகுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அம்மாவுக்கு அதில் பரம திருப்தி.

கடைசிக் காலத்தில் அம்மாவின் வயிற்றில் எதுவும் தங்கவில்லை. சின்னம்மா அந்தப் பொரியை இடித்துப் பாலில் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவருவார். அவர் இருக்கும்வரை அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். போனபின் நான் ஊட்டினால் குடிப்பார். ஒரு நாள், "நல்லாத்தான் காச்சறா. அவகிட்ட சொல்லிடாத கண்ணு" என்றார்.

"ஒங்கம்மா இன்னா சொன்னாங்க?" என்று தினமும் சின்னம்மா கேட்பார்.

"ஒண்ணும் சொல்லல சின்னம்மா."

காலி டம்ளரைத் திருப்பிப் பார்த்துவிட்டு எடுத்துப்போவார்.

மருந்து கொடுத்த டாக்டர் ஐயாவுக்கும், ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டிக்கொடுத்த தெருவாருக்கும், ஊத்தங்கரைச் சம்பந்தி வீட்டாருக்கும், தோள் கொடுத்துச் சுமந்த பங்காளிகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அம்மா கடைசியாக மெச்சியது என்னையல்ல, சின்னம்மாவின் கஞ்சியை. அதில் எனக்கு இன்றும் பொறாமைதான். ஆனாலும் இனி மறைக்க எனக்கு மனமில்லை. சின்னம்மாவுக்கு எழுத்து தெரியாது. இந்த மலரைக் கையில் வாங்குகிறவர்களில் யாராவது ஒருவர், அம்மா சொன்ன அந்த வார்த்தையை அவர் அருகில் உட்கார்ந்து படித்துக்காட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன். நான் படித்தால் அழுதுவிடுவேன்.