மச்சிலிருந்து இறங்கிய கட்டில்

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிய வாரத்தில் என் மாமனாரிடமிருந்து கடிதம் வந்தது. இடுப்பு வலி படுத்துகிறது, பதினைந்து நாள் அருவியில் நிற்கலாம் என்று இருக்கிறேன், உங்கள் வீட்டில்தான் தங்கல், நான் கொடுத்த கட்டிலில் நானும் ஒருதடவை படுத்துப் பார்த்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தார். அப்போது அந்தக் கட்டில் பதினைந்து துண்டுகளாகக் கூரைக்கடியில் எங்கள் மச்சில் கிடந்தது.

ஐம்பதுகளில் எங்கள் கல்யாணத்துக்குச் சீராகக் கோவில்பட்டியிலிருந்து லாரியில் வந்த தேக்குக் கட்டில் அது. எங்கள் தென்காசி வீட்டுப் படுக்கையறையின் அகலமும் கட்டிலின் நீளமும் ஏறக்குறைய ஒன்று. துண்டுகளைச் சேர்த்துப் பூட்டினால் கட்டில் உள்ளே இருக்கும், நாங்கள் வெளியே நிற்க வேண்டும். எனவே வந்த கோலத்திலேயே மேலே ஏற்றிவிட்டு ஒன்பது வருஷம் பாயில் படுத்தோம். மாமனார் எப்போதாவது வந்தாலும் முன்னறையில் காப்பி குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிப்பவர். என் மனைவி அவருக்கு எழுதும் ஒவ்வொரு கார்டிலும் ‘கட்டில் சௌகரியமாக இருக்கிறது’ என்று ஒரு வரி சேர்ப்பாள்.

கடிதத்தைப் படித்துவிட்டு அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

“ஒன்பது வருஷமாப் பொய் எழுதியிருக்கேன். அப்பாவுக்குத் தெரிஞ்சா மனசு விட்டுப் போவும். வியாழக்கிழமைக்குள்ள பூட்டிருங்க.”

“இதென்ன பெரிய வித்தையா?” என்றேன். நாற்பது வயதுக்குள் நான் பட்ட அவதிகளில் பெரும்பாலானவை இந்த வாக்கியத்தில்தான் தொடங்கியிருக்கின்றன.

ஆசாரி கிடைக்கவில்லை. ஊரிலுள்ள ஆசாரிகள் அத்தனை பேரும் சீசன் கடைகளுக்குத் தட்டி அடிக்கக் குற்றாலம் போயிருந்தார்கள். புதன்கிழமை நானே துண்டுகளை இறக்கித் துடைத்தேன். கால்களிலும் சட்டங்களிலும் அங்கங்கே உளியால் கீறியிருந்தது. ஒன்றில் ஒரு கீறல், ஒன்றில் இரண்டு, ஒன்றில் மூன்று. லாரிக்காரன் தேக்கை எப்படிப் பாழாக்கியிருக்கிறான் என்று வருந்தி, ஒரு கீறல் விடாமல் பட்டி வைத்து அடைத்து, தேய்த்து, மேலே வார்னிஷும் பூசினேன். வேலை சுத்தம். எங்கே கீறியிருந்தது என்று எனக்கே தெரியவில்லை.

வியாழன் காலை பக்கத்து வீட்டு அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். பாவூர்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருப்பவர்.

“எந்தக் காலுக்கு எந்தச் சட்டம்னு ஆசாரி கீறி வச்சிருப்பானே தம்பி. ஒரு கீறலுக்கு ஒரு கீறல், ரெண்டுக்கு ரெண்டு. அதப் பாத்துப் பூட்டுங்க.”

நான் வார்னிஷ் பளபளத்த கால்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

“என்ன தம்பி?”

“அத நேத்து அடைச்சிட்டேன் அண்ணாச்சி.”

“எதுக்கு?”

“அழகுக்கு.”

அண்ணாச்சி அன்று மண்டிக்குப் போகவில்லை. இதைவிட்டுப் போக அவருக்கு மனம் வரவில்லை என்று பிறகு சொன்னார்.

நான்கு கால்களில் எட்டுத் துளை, நான்கு சட்டங்களில் எட்டு முனை. கையால் செய்த மரம் என்பதால் எந்த முனையும் இன்னொன்றின் துளைக்கு முழுமனதோடு போகாது. இதில் சாரல் ஈரம் வேறு குடித்து, கோவில்பட்டி வெயிலில் அறுத்த மரம் எல்லாப் பக்கமும் உப்பியிருந்தது. பத்து மணிக்குச் சட்டத்தைத் தலைகீழாகப் பூட்டினோம். பதினொன்றுக்குக் கழற்றினோம். பன்னிரண்டு மணிக்கு, ஊரைவிட்டு ஓடினால் செங்கோட்டை போவதா சங்கரன்கோவில் போவதா என்று யோசித்தேன். மாமனாரின் பஸ் சங்கரன்கோவில் வழியாக வருவதால் செங்கோட்டை என்று முடிவானது.

“முனையில சோப்பத் தேச்சு அடிங்க,” என்றார் அண்ணாச்சி.

வீட்டில் இருந்த துணி சோப்பு முழுவதையும் தேய்த்து, உலக்கையால் அடித்தேன். இரண்டரை மணிக்கு எட்டாவது முனை உள்ளே போயிற்று. தலைமாட்டுப் பலகையில் லட்சுமி, இரண்டு பக்கமும் யானை. மூவரும் நிமிர்ந்தே இருந்தார்கள். நான் திண்டில் சாய்ந்து மூச்சு வாங்கினேன்.

மாமனார் மூன்றரைக்கு நனைந்த குடையோடு வந்து, நேராகக் கட்டிலைப் பார்க்கப் போனார். தடவிப் பார்த்தார்.

“நேத்து செஞ்ச மாதிரில்லா இருக்கு.”

“பொத்திப் பொத்தி வச்சிருக்கோம் மாமா.”

உட்காரப் போனவர் ஜன்னலைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், விறைத்து நின்றார்.

“மாப்ள, தலைமாடு வடக்கல்லா இருக்கு?”

பலகையை ஜன்னல் இல்லாத சுவரில் சாய்த்துக்கொண்டு பூட்டினோம். அது வடக்குச் சுவர் என்பது அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

“ஒன்பது வருஷமும் வடக்க தலை வச்சா படுத்திய?”

இல்லை என்றால் மனைவியின் கார்டுகள் பொய்யாகும். நான் யோசித்துவிட்டு, “ஆமா மாமா,” என்றேன்.

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“அதான் எம் மவ இப்பிடி எளச்சிருக்கா. அதான் ஒங்களுக்கு வேலையில ஒசத்தியே வரல. போன வருஷம் பசு செத்துச்சு.”

“பசு செத்தது ஒங்க ஊர்லல்லா மாமா?”

“அங்கன வரைக்கும் எட்டாதுன்னு யார் கண்டா? எம் மேலதான் தப்பு. கட்டிலக் குடுத்தவன் தெசையும் சொல்லியிருக்கணும்.” துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்தார்.

வாசலில் நின்ற என் மனைவியால் தாங்க முடியவில்லை.

“அப்பா, நாங்க அதுல படுக்கவே இல்ல. மச்சுலதான் கெடந்துச்சு. இன்னிக்கித்தான் பூட்டுனோம்.”

“ஒருநாளும் படுக்கலியா?”

“இல்லப்பா.”

“கார்டுல எழுதுனதெல்லாம்?”

“பொய்ப்பா.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

அவர் நீளமாக ஒரு மூச்சு விட்டார். மகளின் தலையைத் தொட்டு, “என்னப் பெத்த தாயி, நல்ல காரியம் பண்ணுன,” என்றார். ஒன்பது வருஷம் அவள் பயந்த விஷயம் இப்படி ஆசீர்வாதமாக முடியும் என்று அவளும் நினைக்கவில்லை. அழுதுகொண்டே காப்பி போடப் போனாள்.

தலையணையைத் தெற்கே போட்டுப் படுங்கள் என்றேன். “லச்சுமிக்கு நேரக் காலையா நீட்டச் சொல்லுதிய?” என்று கேட்டார். சரி, திருப்பலாம் என்றால் அறையில் கட்டில் சுற்றாது. கழற்றலாம் என்று நானும் அண்ணாச்சியும் மாமனாரும் ஆளுக்கொரு சட்டத்தைப் பிடித்து இழுத்தோம். சோப்பில் வழுக்கி உள்ளே போன மரம் அதற்குள் இன்னும் ஊறி இறுகியிருந்தது. கடைசியில் முன்னறையில் மூன்று பாய்களை விரித்தோம்.

பதினைந்து நாள் தரையில் படுத்ததில் அவருடைய இடுப்பு வலி போய்விட்டது. பெயர் அருவிக்குப் போயிற்று. ஊருக்குப் புறப்பட்ட அன்று பஸ் ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தை மாசம் மரம் வத்திரும் மாப்ள. நம்ம ஊரு ஆசாரியக் கூட்டிக்கிட்டு நானே வாறேன். அதுவரைக்கும் நீங்க எதையும் தொடாதீய.”