கேட்வே கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டேன்

சித்தூரில் நான் வேலை செய்யும் மாம்பழக்கூழ் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் கேபிள் முழுக்க நான் இழுத்தது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, நானாகக் கற்றது.

இன்று காலை, அந்த நெட்வொர்க்கைக் கண்காணிக்க ஒரு புதுப் பெட்டி வந்தது. ஹைதராபாத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போனில் வழி சொன்னாள். வடமாலபேட்டைக்காரியாம், நம் தமிழ்.

முதல் போர்ட்டுக்கு ஐபி முகவரியும் சப்நெட் மாஸ்க்கும் கொடுத்தேன். பெட்டி எங்கள் கம்ப்யூட்டர்களோடு பேச ஆரம்பித்தது.

"இப்ப கேட்வே நம்பர் போடுங்க சார்."

அதுதான் பெட்டிக்கு வெளியே போகும் வழி. அது இல்லையென்றால் பெட்டி எங்கள் காம்பவுண்டைத் தாண்டாது.

"போட்டா?"

"இங்கருந்தே நாங்க எல்லாம் பாத்துக்குவோம். நீங்க அலைய வேணாம்."

"அப்ப எனக்கு இங்க இன்னாம்மா வேலை?"



"எங்க நைனாவும் மில்லுல புது மிஷின் வந்தப்ப இதத்தான் கேட்டுக்கினு நின்னாரு பெரிப்பா. உங்க மேனேஜர கேளுங்க."

கேட்டேன். "பெத்தாயனா, முந்து நம்பர் கொட்டு, தர்வாத்த சூத்தாம்" என்று தெலுங்கில் சொல்லிச் சிரித்தார். பெரியவரே, முதலில் நம்பரைத் தட்டு, பிறகு பார்க்கலாமாம்.

தட்டவில்லை. அந்தக் கட்டத்தைக் காலியாகவே சேமித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அந்தப் பெண் இன்னும் போன் செய்துகொண்டே இருக்கிறாள். என்னால் அவள் வேலைக்கு என்ன வருமோ, அதுதான் உறுத்துகிறது.

நான் செய்தது சரியா, நீங்களே சொல்லுங்கள். கேட்வே நம்பர் எனக்குத் தெரியும், அதை மட்டும் யாரும் கமெண்டில் விளக்க வேண்டாம்.