தீவு மடத்துப் படியில் ஒரு ஜோடிச் செருப்பு

செருப்பைப் பார்த்தே உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். நான் வேலை பார்க்கும் தீவில் அதுதான் வழக்கம். ரங்கூனில் போட்டாதாங் படித்துறையில் சம்பான் படகு ஏறினால் ஆற்று நடுவே ஒரு மண்திட்டு வரும். அதன்மேல் தேக்குமரத்தால் கட்டிய பழைய புத்த மடம். கரை அரிப்புக்குப் பயந்து பிக்குகள் எப்போதோ அக்கரைக்குப் போய்விட்டார்கள். பாழாய்க் கிடந்த இடத்தை ஒரு பண்பாட்டு அறக்கட்டளை எடுத்தது. தூண் மாற்றி, கூரை வேய்ந்து, கரைக்குக் கல் கட்டி, ஏட்டுச்சுவடிகளுக்கும் பொம்மலாட்டப் பொம்மைகளுக்கும் பழைய பாட்டுகளின் ஒலிப்பதிவுகளுக்கும் வீடாக்கியது. ரங்கூன் தமிழர்களின் பாட்டுகளைப் பதிவு செய்து பர்மிய மொழியில் எழுதித் தருவது என் வேலை. ஒப்பாரி நிறையச் சேர்ந்துவிட்டது, தாலாட்டுதான் கிடைக்கவில்லை.

மராமத்துக்கு வந்த வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவர், இப்போது இங்கே பிக்குகள் இல்லையே, செருப்போடு நடக்கலாமே என்று சொல்லிப் பார்த்தார். ஒருத்தரும் காதில் வாங்கவில்லை. மடம் என்று ஒரு தடவை ஆகிவிட்டால் அது மடம்தான். தலைபோகிற அவசரத்திலும் படிக்குக் கீழே கால் தானாகச் செருப்பை உதறிவிடும். இந்த நல்ல பழக்கம்தான் எங்கள் குடியைக் கெடுக்கப் பார்த்தது.

அப்போது என் தம்பி அங்கேதான் ஒளிந்திருந்தான். அவனுக்கு இருபத்து நான்கு வயது. அந்த வயதுப் பையன்களைப் படைக்கு எடுக்க ஆரம்பித்ததும் எங்கள் தெரு மெதுவாகக் காலியானது. டீக்கடையில் கிளாஸ் எடுத்து வைக்கிறவர்கள்கூடப் பெண்களானார்கள். எதிர்வீட்டுப் பையன் மொஹிங்கா நூடுல்ஸ் வாங்கப் போனான், தூக்குச்சட்டி மட்டும் யார் கையிலோ வீடு திரும்பியது. நான் போய் எங்கள் இயக்குநர் முன்னால் நின்றேன். அவரை எல்லாரும் சயாமா, அதாவது டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவோம். முழுக்கக் கேட்காமலே, "தேக்குக்கு எண்ணெய் பூச ஆள் இல்லாமல் இருக்கிறேன்" என்றார். மடத்து மரத்துக்குக் கறுப்புக் கச்சா எண்ணெய் பூசினால்தான் கரையான் அண்டாது. தம்பி பகலெல்லாம் அதைப் பூசினான், கூரைக்குக் கீழிருந்த பரணில் படுத்தான். எங்கள் வார்டில் அவன் மோல்மேன் நகரத்தில் வேலை பார்ப்பதாகச் சொல்லி வைத்தோம்.

அதை நம்பினானோ இல்லையோ, வார்டு ஆபீஸில் இருந்த ஒருத்தன் அடிக்கடி வீட்டுக்கு வந்து ஆள் எண்ணிவிட்டுப் போவான். அவனுக்கு அப்பா தமிழர், அம்மா பர்மியர், என் தம்பி வயதுதான் இருக்கும். ஆபீஸ் வேலையில் இருந்ததால் அவனை மட்டும் யாரும் பிடிக்கவில்லை. தமிழ் புரியும், பேசினால் கல்லும் முள்ளுமாக வரும். முதல் தடவை வந்தபோது விளக்கு வைக்கிற நேரம். எட்டிப் பார்த்தான், தம்பி எங்கே என்று கேட்டான், கிளம்பும்போது, "போறேன்மா" என்றான்.

அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. பர்மிய மொழியில் 'போகிறேன்' என்றே விடைபெறலாம், தோஷமில்லை. இங்கே பிறந்த பிள்ளைகள் அதையே தமிழிலும் சொல்லிவிடும். என் தம்பியும் அப்படித்தான், எத்தனையோ தடவை அம்மாவிடம் வாயில் தட்டு வாங்கியிருக்கிறான்.

"விளக்கு வச்ச நேரத்துல போறேன்னு சொல்லாத தம்பி. போயிட்டு வரேன்னு சொல்லு."

அவன் திருதிருவென்று விழித்தான். அம்மா விடவில்லை, வாசற்படியில் நிறுத்தி இரண்டு தடவை சொல்ல வைத்தாள். பிள்ளையைப் பிடிக்க வந்தவனுக்குப் பாடம் நடத்தும் தாய் ஊரில் எங்கள் வீட்டில் மட்டும்தான் இருப்பாள். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆத்திரமும் வந்தது. அடுத்த தடவை வந்தபோது அவன் மறுபடியும் "போறேன்மா" என்றே சொல்லிவிட்டுப் போனான். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

மழை விட்டிருந்த ஒரு நாள். காலையில் படித்துறையிலேயே என் செருப்பு வார் அறுந்தது. சகுனம் கிகுனம் என்று அம்மாவை நான் கேலி பண்ணுகிறவள். அறுந்ததைத் தைக்கக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு சம்பான் ஏறினேன்.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். எங்கள் தீவில் இன்ஜின் சத்தம்தான் மணியோசை. தெரிந்த படகுகளின் சத்தம் எங்களுக்கு அத்துப்படி. நடுப்பகலில் கேட்டது தெரியாத சத்தம். தம்பி எண்ணெய்ச் சட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து பரணில் ஏறினான். சயாமா ஏணியை எடுத்துச் சுவரில் சாய்த்து, அதன்மேல் காயப்போட்ட துணியை விரித்தார்.

வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் அதிகாரி, நல்ல உயரம், மெதுவான பேச்சு. பின்னால் எங்கள் வார்டு ஆபீஸ்காரன்.

அதிகாரி அதட்டியிருந்தால்கூடத் தேவலாம். அவர் பாலீஷ் போட்ட ஷூவைக் கழற்றி, ஜோடியாக ஓரத்தில் வைத்து, கும்பிட்டுவிட்டுப் படியேறினார். தூண்களைத் தட்டிப் பார்த்தார். "அழகாகச் செய்திருக்கிறீர்கள். ராத்திரியில் இங்கே யாரும் தங்குவதுண்டா?" என்று பர்மிய மொழியில் கேட்டார். காவலுக்கு நாய்கள் உண்டு என்றார் சயாமா. என்ன வேலை செய்கிறாய் என்று அதிகாரி என்னைக் கேட்டார். ஒலிப்பதிவு என்றேன். ஏதாவது போடச் சொன்னார். அவசரத்தில் ஒப்பாரிதான் அகப்பட்டது. மகனைப் பறிகொடுத்த ஒருத்தி அழுதாள். அதிகாரி தாளம் போடுவதுபோல் தலையாட்டிக் கேட்டார். வார்டு ஆபீஸ்காரனுக்கு அர்த்தம் புரிந்தது, அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தலைக்கு மேலே ஒரு பலகை மெல்ல முனகியது. புதுமரம் வெயிலுக்கு முனகும் என்றார் சயாமா.

அவர்கள் விடைபெற எழுந்தபோதுதான் எனக்கு உறைத்தது. தம்பி எண்ணெய்ச் சட்டியை மறந்தான், ஆனால் செருப்பைக் கழற்ற மறந்திருக்க மாட்டான்.

வழியனுப்ப எல்லாரும் கீழே இறங்கினோம். சயாமா தன்னுடையதைப் போட்டுக்கொண்டார். சுவடிப் பிரிவில் இருந்த இரண்டு பெண்களும் போட்டுக்கொண்டார்கள். வார்டு ஆபீஸ்காரனும் போட்டுக்கொண்டான், அதிகாரி குனிந்து ஷூ மாட்டினார். கடைசியில் படியடியில் மிஞ்சியது ஒரு ஜோடி, பெரிய ஆண் செருப்பு, வாரெல்லாம் கறுப்பு எண்ணெய். பக்கத்தில் நான் வெறுங்காலோடு நின்றேன். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள், எனக்கு நின்ற இடத்திலேயே பயம். வேறு வழியில்லை, அதில் காலை நுழைத்தேன். குதிகாலுக்குப் பின்னால் நாலு விரல் இடம் மிஞ்சியது.

அதிகாரி நிமிர்ந்தார். "செருப்பு பெரிதாக இருக்கிறதே?"

"என்னுடையது காலையில் அறுந்துவிட்டது. இது மாங்குடையது."

யோசிக்காமல் உண்மையையே சொல்லிவிட்டேன். பர்மியப் பெண்கள் தம்பியை மாங் என்பார்கள். ஆனால் புருஷனையும் ஆசையாக மாங் என்பார்கள். அதிகாரி என் வயதைப் பார்த்தார், புருஷன் என்றே எடுத்துக்கொண்டார். "பாவம், வீட்டில் அவர் வெறுங்காலோடு நிற்கிறாரா?" என்று சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அதுவரைக்கும் நான் சொல்லாத பொய்யை அந்தச் சிரிப்பு சொன்னது.

வார்டு ஆபீஸ்காரன் சிரிக்கவில்லை. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பது அவனுக்கு மனப்பாடம். அவன் என் காலைப் பார்த்தான். செருப்பின் அளவைப் பார்க்கவில்லை, எண்ணெயையும் பார்க்கவில்லை. மெட்டி இல்லாத விரலைப் பார்த்தான். அவன் அப்பா வீட்டு அத்தைகள் எல்லாரும் மெட்டி போட்டவர்கள்தானே. பிறகு நிதானமாக நிமிர்ந்து கூரையைப் பார்த்தான்.

இப்போது சொல்லிவிடுவான் என்று நின்றேன். அவன் வாயைத் திறக்கவேயில்லை. அதிகாரி முன்னால் நடந்து படகில் ஏறினார். பின்னால் போனவன், ஒரு காலைப் படகில் வைத்தபடி என் பக்கம் திரும்பினான்.

"போயிட்டு வரேங்க்கா" என்றான்.

ஒரு எழுத்து பிசகவில்லை. அம்மா சொல்லிக்கொடுத்ததைக் கடைசியில் கற்றுக்கொண்டுவிட்டான். மரியாதைக்குச் சொன்னானா, ஓடச் சொல்லி எச்சரித்தானா, தனியாக வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றானா, இன்றுவரை எனக்குத் தெரியாது. முகத்தில் ஒன்றும் இல்லை. அந்த ஒரு நாள் மட்டும் அவன் பர்மாக்காரனாக "போறேன்" என்று சொல்லித் தொலைத்திருக்கக்கூடாதா என்று நினைத்தேன்.

சயாமா ஒன்றும் விளக்கச் சொல்லவில்லை. வெற்றிலைப் பாரம் ஏற்றிப்போகும் படகு ஒன்றுக்குச் சொல்லி அனுப்பினார். ஆற்றுநீர் வடியத் தொடங்குமுன் தம்பியை அதில் ஏற்றினோம். எங்கே போனான் என்பதை இங்கே எழுதமாட்டேன். செருப்பைக் கழற்றிக் கொடுத்தேன். என் காலில் ஒட்டியிருந்த எண்ணெயைப் பார்த்து, "மண்ணெண்ணெய் போட்டுத் தேய்க்கா, சோப்புக்குப் போகாது" என்றான். கூலிகள் வெற்றிலைக் கூடைகளை அவனுக்கு முன்னால் அடுக்கினார்கள். இடுக்கில் முகம் மட்டும் தெரிந்தது.

"போறேன்க்கா."

வரேன்னு சொல்லுடா என்று வாய்வரை வந்துவிட்டது. அவன் திரும்பி வந்தால் என்ன ஆகும் என்பது அடுத்த நொடியில் நினைவுக்கு வந்தது. பெற்ற பிள்ளையாய் வளர்த்தவனைப் பார்த்து, "சரி, போ" என்றேன். அப்படி யாரையும் நான் வழியனுப்பியதில்லை.

வீட்டுக்குப் போனபோது அம்மா வாசலிலேயே நின்றாள். நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னேன். வார்டு ஆபீஸ்காரன் வந்ததை மட்டும் சொல்லவில்லை. அவள் அழவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"கிளம்பறப்ப என்னன்னு சொன்னான்?"

"போயிட்டு வரேன்னு சொன்னாம்மா."

"ஒழுங்காச் சொன்னானா?"

"ஒழுங்காத்தான் சொன்னான்."

அம்மாவின் முகம் தெளிந்தது. விளக்கை ஏற்றி வைத்துவிட்டு, கதவைத் தாழ் போடாமல் சும்மா சாத்தினாள்.

"அப்பச் சரி," என்றாள். "வந்துருவான்."