சோறு குழைக்கும் விரல்கள்

மனைவிக்கு மூட்டுகளை அரிக்கும் முடக்குவாதம் என்று சொன்ன அன்றே மருத்துவரிடம் கேட்டேன், எந்த மருந்து இவளுக்குச் சரிவரும் என்று. அவர் ஒளிக்காமல் சொன்னார். ஒருவரை எழுந்து நடமாட வைக்கும் மருந்து இன்னொருவருக்குப் பச்சைத் தண்ணீர்தானாம். யாருக்கு எது என்று முன்கூட்டியே சொல்ல வழியில்லை, கொடுத்துத்தான் பார்க்க வேண்டுமாம். எங்கள் கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்த்தார்கள். இதற்கு ஒரு பொருத்தமும் பார்க்க முடியாதாம்! எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

அவளுக்கு இருந்தது ஒரே பயம்தான்: கையால் சோறு குழைத்துச் சாப்பிட முடியாமல் போய்விடுமோ என்பது. "கரண்டியாலை திண்டா வயிறு நிரம்பாது" என்பாள்.

முதல் மருந்து கேட்கவில்லை. இரண்டாவதாக ஊசி தொடங்கினார்கள். அது வேலை செய்கிறதா என்று அறிய ஒவ்வொரு முறையும் தாதி சில கேள்விகள் கேட்பார். தட்டில் இறைச்சியை வெட்ட முடிகிறதா? முடிகிறது என்பாள். எங்கள் வீட்டில் இறைச்சி சட்டியில் விழும்போதே துண்டுதான், தட்டில் வைத்து வெட்டுகிறவர் யார்? பால் பெட்டியைத் திறக்க முடிகிறதா? முடிகிறது. திறப்பவன் நான். எப்படி இருக்கிறது என்றால், முகம் நிறையச் சிரித்து, நல்லாயிருக்கு என்பாள். விருந்துக்குப் போன வீட்டில் யாராவது சாப்பாட்டைக் குறை சொல்வார்களா, அப்படி. நான் வாயைத் திறந்தால், நோயாளியே பதில் சொல்லட்டும் என்று தாதி அடக்கிவிடுவார்.

எங்கள் வீடு இருக்கும் குரோருட்டுக்கு ரயிலில் திரும்பும்போது பொரிந்து தள்ளினேன்.

"நீர் ஏன் உள்ளதைச் சொல்லேல்லை?"

"அவ கேட்டதுக்குத்தானே மறுமொழி சொன்னனான். இறைச்சி வெட்டுறதுக்கு எனக்கென்ன கரைச்சல்?"

இரத்தப் பரிசோதனை இரண்டுங்கெட்டானாக இருந்தது. அவளுடைய பதில்களின்படி ஊசி வேலை செய்தது. குளிர்காலம் முழுக்க அதே ஊசி. வீட்டில் அவள் சோற்றை உள்ளங்கையால் அள்ளுவதை நான் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பனி கரைந்த பிறகு வேறொரு மருத்துவர் வந்தார், இளம் பெண். நேற்று என்ன சாப்பிட்டீர்கள், எப்படிச் சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். சோறு, கையால். செய்து காட்டச் சொன்னார். மனைவி வெறும் மேசையில் சோறு குழைக்கப் பார்த்தாள். விரல்கள் குவியவில்லை. மருத்துவர் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு அந்தக் கையையே பார்த்தார். அன்றே மருந்தை மாற்றினார்.

மூன்றாவது மருந்து கேட்டது. வீக்கம் வற்றியது, வலி அடங்கியது. இது உங்களுக்குப் பொருந்திவிட்டது என்று மருத்துவர் மகிழ்ந்தார். விரல் எப்போது மடங்கும் என்று மனைவி கேட்டாள். அவர் எக்ஸ்ரே படத்தைத் திருப்பிக் காட்டினார். அரித்துப்போன மூட்டு திரும்ப வளராது.

அன்று மத்தியானம் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும். நான் குழைத்து ஒரு கவளம் திரட்டி அவள் வாயருகே கொண்டுபோனேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஏன், எனக்குக் கை இல்லையே? அந்தக் கரண்டியை எடுங்கோ."

ஆஸ்பத்திரியில் கொடுத்த, தடித்த பிடியுள்ள கரண்டி. எடுத்துக் கொடுத்தேன். ஒரு வாய் சாப்பிட்டாள். என்னை நிமிர்ந்து பார்த்து, தாதியிடம் சிரிக்கும் அதே சிரிப்போடு சொன்னாள்:

"நல்லாயிருக்கு."