சில்லுலகச் சிற்பிக்குப் பட்டம் கொடுத்தவர்

கன்னியப்பன் இறந்த செய்தி எங்கள் பங்குதாரர்களின் வாட்ஸ்ஆப் குழுவில் எனக்கு வந்தது. "நம்ம ஷேர் இன்னைக்குப் பச்சை" என்று ஒருவர் மகிழ்ச்சியாகப் போட்டிருந்தார். அதற்குக் கீழே, "செங்கல்பட்டு ஃப்ளெக்ஸ் கன்னியப்பன் சார் காலமானார், ஹார்ட் அட்டாக்" என்று ஒரு வரி. அதற்குக் கீழே கை கூப்பிய பொம்மைகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. முதல் பொம்மையைப் போட்டவர் குழுவின் அட்மின். சில மாதங்களுக்கு முன்னால் கன்னியப்பனை அந்தக் குழுவிலிருந்து நீக்கியவரும் அவரேதான்.

கூடுவாஞ்சேரியில் என் மருந்துக்கடையில் ஓர் அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தேன். அவரை அனுப்பிவிட்டுக் கடையைப் பூட்டி ரயிலேறினேன். செங்கல்பட்டு வரும்வரை எனக்கு அழுகை வரவில்லை. யார் யார் கை கூப்புகிறார்கள் என்று போனைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அவர் உயிரோடு இருந்தபோது அவரைக் கோமாளி என்றவர்கள் அத்தனை பேரும் கூப்பியிருந்தார்கள். இந்த அஞ்சலியை அவரை அறிந்தவர்களுக்காக எழுதுகிறேன். அந்தக் குழுவினரும் அவரை அறிந்தவர்கள்தான். அவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும்.

செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடை வைத்திருந்தார் கன்னியப்பன். காதுகுத்து, கல்யாணம், கட்சிக்காரர் பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி, எதுவானாலும் வாசகம் அவருடையது. ஆளைப் பார்த்ததும் அவருக்கு எந்தப் பட்டம் இனிக்கும் என்று கண்டுபிடித்துவிடுவார். வார்டு உறுப்பினரை வரலாறு ஆக்குவார், சீட்டு பிடிக்கிறவரைச் சிகரம் ஆக்குவார். அதில் அவருக்குக் கொஞ்சமும் கூச்சம் கிடையாது. "பொறந்தநாளுக்கு எவ்ளோ வேணா பொய் சொல்லலாம் மச்சான். சாவுக்கு மட்டும் பொய் எழுதக்கூடாது" என்பார். என் கடைத் திறப்புவிழா பேனரில் என்னை 'மருந்துலக மாணிக்கம்' ஆக்கினார். சண்டை போடப் போனவன், அதற்குப் பிறகு ஞாயிறு தவறாமல் அவர் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

ஒருமுறை ஒரு கல்யாண பேனரில் மாப்பிள்ளையின் அப்பா பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று விழுந்துவிட்டது. அந்த மனிதரோ மண்டப வாசலில் சந்தனம் கொடுத்துக்கொண்டிருக்கிறார். செய்தி வந்ததும் கன்னியப்பன் புதிதாக அடித்து, தானே தூக்கிக்கொண்டு ஓடினார். பின்பக்கம் கட்டிவிட்டுப் போங்கள் என்று மண்டபத்தார் சொன்னார்கள். கேட்கவில்லை. சாப்பிட்டு வெளியே வந்த கூட்டம் முழுவதும் பார்க்க, அதே வாசலில் பழையதை அவிழ்த்துப் புதியதைக் கட்டினார். என்னிடம் சொன்னார்: "தப்பு எங்க தொங்குச்சோ அங்கியே சரியும் தொங்கணும். வேற எடத்துல தொங்கவுட்டா யாருக்குத் தெரியும்?"

இனி அந்தக் கம்பெனி. பெயரை எழுத மாட்டேன். சிப் செய்ய ஆட்கள் இருக்கிறார்களோ இல்லையோ, நோட்டீஸ் அனுப்ப அவர்களிடம் வக்கீல் இருக்கிறார். எட்ஜ் ஏஐ சிப் செய்கிறோம் என்று சொல்லிப் பங்குச்சந்தைக்கு வந்த கம்பெனி அது. இணையம் இல்லாத இடத்திலும், ஒரு கேமரா தான் பார்ப்பது என்னவென்று தானே கண்டுபிடிக்கும். அதற்கான மூளைதான் அந்தச் சிப். நாங்கள் எல்லோரும் சிப்பு என்போம். கன்னியப்பன் மட்டும் பிடிவாதமாகச் சில்லு என்பார்.

அவர் பேராசையில் வாங்கினார் என்று குழுவில் எழுதினார்கள். பேராசை கொஞ்சம் இருந்தது, யாருக்கு இல்லை? ஆனால் முதல் காரணம் செய்யூரில் இருந்தது. அவருடைய தம்பி அங்கே வேர்க்கடலை போடுகிறார். காய் பிடிக்கிற நேரத்தில் காட்டுப்பன்றி இறங்கி வயலையே புரட்டிவிட்டுப் போகும். அந்தப் பக்கம் சிக்னலும் கிடையாது. கம்பெனியின் விளம்பரப் படத்தில், அதே மாதிரி ஒரு வயலில் கேமரா பன்றியை அடையாளம் கண்டு சைரன் ஊதியது. கன்னியப்பன் கடைக்கு வருகிற எல்லோரிடமும் அதைக் காட்டினார். "ஆடு வந்தா ஊதாது, மாடு வந்தா ஊதாது. பன்னி வந்தா மட்டும் ஊதும். இன்னா மூள பாரு!" அவருடைய சேமிப்போடு அவர் மனைவி மல்லிகா அக்காவின் வளையல்களும் அந்தப் பங்கில் போயின. கேமரா வந்ததும் மாட்டுவதற்கென்று தம்பி வயலில் ஒரு சவுக்குக் கம்பமும் நட்டுவிட்டார். அதற்குப் பிறகு எத்தனையோ முறை கடலை பிடுங்கியாயிற்று. கம்பத்தின் தலையில் காக்கைதான் உட்காருகிறது.

கம்பெனியின் ஆண்டுப் பொதுக்கூட்டம் இணையவழியில் நடக்கும். பங்கு வைத்திருப்பவர்கள் பெயர் கொடுத்தால் இரண்டு நிமிடம் பேசலாம். பெரும்பாலோர் சேர்மனைப் புகழ்ந்துவிட்டு, பங்குதாரர்களுக்குப் பரிசுப்பெட்டி உண்டா என்று கேட்டு முடிப்பார்கள். ஆனால் கன்னியப்பன் தொழில்காரர். முதல் வருடம் வெள்ளைச்சட்டை போட்டுக்கொண்டு, பின்னால் தானே அடித்த பேனரைத் தொங்கவிட்டு, "மணலுக்கு மூளை தந்த மாமனிதரே, சில்லுலகச் சிற்பியே!" என்று ஆரம்பித்தார். சில்லு மணலிலிருந்து பிறக்கிறது என்று எங்கோ படித்திருந்தார். சேர்மன் எழுந்து நின்று கும்பிட்டார். கம்பெனி அந்தத் துண்டை மட்டும் வெட்டி, 'எங்கள் சிறு முதலீட்டாளரின் நம்பிக்கை' என்று ஊரெல்லாம் பரப்பியது. கன்னியப்பனே சொல்கிறார் என்று செங்கல்பட்டிலிருந்து கோவளம்வரை ஆட்கள் வாங்கினார்கள். நானும் அப்படி வாங்கியவன்தான்.

பிறகு விலை சரிந்தது. சிப் எப்போது வரும் என்று கேட்டால் 'அடுத்த காலாண்டு' என்றார்கள். அந்தக் காலாண்டு முடிந்ததும் மறுபடியும் அடுத்த காலாண்டு. எங்கள் டீக்கடையில் வடை வரத் தாமதமானால்கூட அடுத்த காலாண்டா என்று கேட்கும் அளவுக்கு அது ஊர்ப்பேச்சாகிவிட்டது. ஒருநாள் கோவளத்தில் மீன்களுக்கு ஐஸ் விற்கிறவர் ஒருவர் கடைக்கு வந்தார். அவரும் கன்னியப்பன் பேச்சைப் பார்த்து வாங்கியவர். சண்டை போடவில்லை. "இன்னா அண்ணாத்த, உன் சிற்பி எங்கள நல்லா செதுக்கிட்டாரே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கன்னியப்பன் அன்று டீயைத் தொடவில்லை. கடையைப் பூட்டும்போது, "வாபஸ் வாங்கணும் மச்சான். குடுத்த எடத்துலயே வாபஸ் வாங்கணும்" என்றார்.

அதன் பிறகு அவருக்கு வாழ்க்கையில் ஆசை அது ஒன்றுதான். போட்ட பணம் வந்தால் சரி, வராவிட்டால் போகட்டும். தான் கொடுத்த பட்டத்தை அதே கூட்டத்தில், அதே சேர்மன் முகத்துக்கு நேராக அவிழ்க்க வேண்டும்.

அவர்கள் லேசுப்பட்டவர்களா? அடுத்த வருடம் அவர் "வணக்கம்" என்று சொன்னதுமே, "சார், உங்க ஆடியோ தெளிவா இல்ல" என்று துண்டித்தார்கள். அவருக்கு முன்னால் பேசியவருக்கும் பின்னால் பேசியவருக்கும் ஆடியோ கணீரென்று இருந்தது. அதற்கு அடுத்த வருடம் கன்னியப்பன் ஒரு வழி கண்டுபிடித்தார். "புகழ்ந்தாதான் அவனுங்களுக்குக் காது கேக்குது. புகழ்ந்துகினே உள்ள போறேன்" என்றார். போனார். "சில்லுலகச் சிற்பி அவர்களே, உங்களை நம்பி எத்தனையோ குடும்பங்கள் இருக்கின்றன. ஆனால்..." அந்த 'ஆனால்' வந்ததும் இணைப்பு போனது. அத்தோடு விட்டார்களா? 'ஆனால்' வரைக்கும் இருந்ததை வெட்டி மறுபடியும் விளம்பரமாகப் போட்டார்கள். பணத்தைத் தின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு மனிதனின் வாயிலிருந்து 'ஆனால்' என்ற சொல்லைத் திருடியவர்களை அங்கேதான் பார்த்தேன்.

அந்த ஆண்டுதான் மாமல்லபுரத்துக் கடற்கரை விடுதி ஒன்றில் கம்பெனி தன் பெரிய முதலீட்டாளர்களுக்கு விருந்து வைத்தது. சிறு முதலீட்டாளர்களுக்கு அழைப்பு இல்லை. கன்னியப்பன் இரவெல்லாம் கடை மிஷினில் சுவரொட்டி அடித்தார். விடியற்காலையில் நானும் அவரும் பசை வாளியோடு ஸ்கூட்டரில் போய், விடுதிக்கு எதிர்ச்சுவர் முழுவதும் ஒட்டினோம். கறுப்புக் கரை போட்ட கண்ணீர் அஞ்சலி. நடுவில் மாலை போட்ட ஒரு சிப்பின் படம். 'தோற்றம்: அடுத்த காலாண்டு. மறைவு: போன காலாண்டு. இவண், துயரத்தில் வாடும் சிறு முதலீட்டாளர்கள்.' விடுதிக் காவலாளி சாலையைக் கடந்து வந்து எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"யாரு சார் செத்துட்டாங்க?"

"இன்னும் பொறக்கவே இல்லப்பா, அதான் துக்கம்" என்றார் கன்னியப்பன்.

விருந்துக்கு வந்த கார்கள் அந்தச் சுவர் அருகே ஒவ்வொன்றாக வேகம் குறைத்ததை நாங்கள் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து பார்த்தோம். என் வாழ்க்கையில் அவ்வளவு ருசியான நாஸ்தாவை நான் சாப்பிட்டதில்லை.

மறுநாள் அட்மின் அவரைக் குழுவிலிருந்து நீக்கினார். எதிர்மறை ஆளாம், கம்பெனியின் பெயரைக் கெடுக்கிறாராம். விலை விழுவதற்குக் கம்பெனி காரணமில்லை, கன்னியப்பன் காரணம்! அந்தக் குழுவில் அன்று கைதட்டியவர்களே, உங்கள் ஒவ்வொருவர் பெயரும் எனக்குத் தெரியும். ஒன்றையும் நான் மறக்கவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் அவர் ஒரு பங்கைக்கூட விற்கவில்லை. எனக்கு அவர்மேல் இருந்த ஒரே கோபம் அது. வித்துத் தொலைக்க வேண்டியதுதானே, எதற்கு இந்தப் பேஜாரு என்று கத்தியிருக்கிறேன். "வித்துட்டா பேச வுட மாட்டான் மச்சான்" என்பார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒருவேள வந்துடுச்சின்னா? தம்பி வயல்ல ஊதுறத ஒரு தபா கேக்க வேணாமா?" என்பார். தன்னை ஏமாற்றியவர்களின் பொருள்மீது அவருக்கு இருந்த நம்பிக்கை, அதைச் செய்கிறோம் என்றவர்களுக்கே இருந்ததா என்று எனக்குத் தெரியாது.

அவர் வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது, அவர் கடை ஆபரேட்டர் லேப்டாப்பில் அவருக்கான சுவரொட்டியைத் தயாரித்துக்கொண்டிருந்தார். 'சரிந்தது இமயம்' என்று ஊரெல்லாம் போடுகிற பழைய வாசகத்தை எடுத்துப் போட்டிருந்தார். மல்லிகா அக்கா எட்டிப் பார்த்து, "அதெல்லாம் வேணாம். பேரப் போடு, ஊரப் போடு. சாவுக்குப் பொய் எழுதினா அவரு எழுந்து வந்து திட்டுவாரு" என்றார். அப்படியே அடித்தார்கள்.

அட்மினும் மாலையோடு வந்தார். மாலையைப் போட்டுவிட்டு மல்லிகா அக்காவிடம் குனிந்து, "ஷேரை மட்டும் இப்ப வித்துடாதீங்கம்மா, அடுத்த காலாண்டு நல்லா ஏறும்" என்றார். சாவு வீட்டில்! நான் அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டேன். எப்படி விட்டேன் என்பதை அவரே குழுவில் எழுதட்டும்.

இந்த ஆண்டுக் கூட்டம் கருமாதிக்கு அடுத்த வாரம் வந்தது. பேச்சாளர் பட்டியலில் கன்னியப்பன் பெயர் இருந்தது. சாவதற்கு முன்பே பதிவு செய்திருந்தார். பங்குகளில் இரண்டாவது பெயர் மல்லிகா அக்காவுடையது, அதனால் அவர் பேசலாம். நான் நாலு பக்கத்துக்கு எழுதிக்கொண்டு போனேன். கேள்விகள், சாபங்கள், எல்லாம் அதில் இருந்தன. அக்கா வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இவ்ளோ பேசினா சவுண்டு சரியில்லன்னு கட் பண்ணுவாங்க. அவரு கேட்டது ஒண்ணுதானே? அத நானே சொல்லிக்கிறேன்."

கன்னியப்பன் பெயரைக் கூப்பிட்டார்கள். அக்காவுக்குப் போனில் எந்தப் பொத்தானை அழுத்துவதென்று உடனே பிடிபடவில்லை. மறுபடியும் கூப்பிட்டார்கள். திரையில் சேர்மன் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். "கன்னியப்பன் சாரே பேசலன்னா, அவருக்கு எங்ககிட்ட முழுத் திருப்தின்னு எடுத்துக்கலாம்" என்றார். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். கன்னியப்பன் இறந்தது சேர்மனுக்குத் தெரியாது, பாவம் என்று சிலர் பிறகு என்னிடம் சொன்னார்கள். தெரியாதவன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

அந்தச் சிரிப்பு முடிவதற்குள் அக்கா பொத்தானைக் கண்டுபிடித்துவிட்டார்.

"நான் அவரு சம்சாரம் பேசறேன் சார். அவரு செத்துட்டாரு. மொத வருசம் உங்கள சில்லுலகச் சிற்பின்னு சொன்னாரு இல்ல, அத வாபஸ் வாங்கிகினேன். எல்லாருக்கும் கேட்டுச்சா?"

கேட்டது. அத்தனை பேருக்கும் கேட்டது. சேர்மனின் சிரிப்பு பாதியில் நின்றுபோய், வாய் மட்டும் திறந்திருந்தது. ஆடியோ தெளிவாக இல்லை என்று சொல்ல அன்று ஓர் ஆளும் முன்வரவில்லை. அக்கா போனை என் கையில் கொடுத்துவிட்டு, "சோறு வெச்சிகீறேன், சாப்ட்டுப் போ" என்று உள்ளே போனார்.

இப்படி எழுதுகிறவர்கள் இறந்தவரின் அன்பையும் பண்பையும் நெஞ்சில் வைத்திருப்பதாகச் சொல்லி முடிப்பார்கள். நான் வைத்திருப்பது ஒரு முகம். கூட்டம் தொடங்கியதிலிருந்தே திரையைப் பதிவு செய்துகொண்டிருந்தேன், அந்த வாய் திறந்தபடி நின்றது முழுவதும் என்னிடம் இருக்கிறது. சிப் ஒருநாள் வரலாம். வந்தால் செய்யூர் வயலுக்கு நானே ஒன்று வாங்கி மாட்டுவேன். பங்கு ஏறலாம், ஏறினால் குழுவில் எல்லோரும் பழையதை மறந்துவிடுவார்கள். நான் மறக்க மாட்டேன், மன்னிக்கவும் மாட்டேன். தினமும் காலையில் கடை திறந்ததும் அந்த முகத்தை இரண்டு முறை போட்டுப் பார்க்கிறேன். ஒரு முறை எனக்காக. இன்னொரு முறை, அதைப் பார்க்காமலே போய்விட்ட கன்னியப்பனுக்காக.